வேர்க்காத தோல்

ஆடி கடைசி வெள்ளிக்குக் கருப்பசாமியைக் கும்பிடக் கருங்கொம்பு மலை ஏறுகிறவர்களின் பெயரை மொக்கைச்சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மாடத்தி நேரே போய் அவருக்கு எதிரில் நின்றாள்.

"என் பேரையும் போடுங்க மாமா."

பேனா நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் டீ கிளாசுக்குள் எதையோ தேடுகிறவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் அவளோடு பேச இந்த இரண்டு வருடத்தில் ஊர் நன்றாகப் பழகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், பக்கத்து ரூமில் வெடிமருந்தில் தீ பிடித்துக்கொண்டது. அந்த ரூமில் இருந்த மூன்று பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மாடத்தி மிஞ்சினாள். முதுகும் இரண்டு கைகளும் கழுத்தும் இடது கன்னமும் வெந்துபோய், மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று மாதம் குப்புறக் கிடந்தாள். தொடையிலிருந்து தோலை எடுத்து மேலே ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா சொன்னார்: "இந்தத் தோல்ல வேர்வை வராதும்மா. உடம்புச் சூடு வெளிய போக வழியில்ல. வெயில்ல ரொம்ப அலையாதீங்க. மயங்கி விழுந்தா உயிருக்கே ஆபத்து."

அதற்கு முன்னால் ஆறு வருடம் விடாமல் கருங்கொம்பு ஏறியவள் அவள். எல்லாமே இதே மொக்கைச்சாமியின் கூட்டத்தோடுதான். ஏறும்போது முதல் பத்துப் பேருக்குள் இருப்பாள்.

மொக்கைச்சாமி கெட்ட மனிதர் இல்லை. பதினெட்டு வருடமாக ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒருவருக்கும் ஒரு சேதாரம் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

"நீ எதுக்குத் தாயி கஷ்டப்படணும்? வீட்டுல இரு. கருப்பன் துன்னூறை நான் கொண்டாந்து தாரேன்."

"துன்னூறு வேணாம் மாமா. நான் மலை ஏறணும்."

"வளியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நாங்க சாமி கும்பிடப் போறமா, ஒன்னையச் சொமக்கப் போறமா?"

"என்னையத் தூக்குங்கன்னு கேட்டனா?"

"சொன்னாக் கேளு மாடத்தி. கூட்டத்துல பச்சப் புள்ளைகளும் வருதுக..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துப் பயப்படும் என்று அவர் சொல்ல வந்தது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கும், கொழுந்தன் மகள் காதுகுத்துக்கும் அவளைக் கூப்பிடாமல் விட்டதற்குச் சொன்ன காரணம் அதுதான்.

"சரி. ஒங்க வேன்ல எனக்கு எடம் வேணாம்" என்றாள் மாடத்தி. "மலை ஒங்க வேன்ல இல்லையே."

திரும்பி நடந்தாள். இதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் வாசலிலேயே நின்றான். தினமும் காலையில் ஊர்ப் பெண்களைக் கம்பெனிகளுக்கு ஏற்றிக்கொண்டு போகிற வேன் அவனுடையது. ஆடி வெள்ளிக்கு மொக்கைச்சாமி கூட்டத்தை அடிவாரத்துக்கு ஏற்றிப் போகப்போவதும் அதே வேன்தான்.

"டாக்டரம்மா சொன்னது ஒனக்கு நெனப்புல இருக்கா இல்லையா?"

"இருக்கு. வேர்க்காதுன்னு சொன்னாக. மலை ஏறக் கூடாதுன்னு சொல்லல."

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுதான்!"

"ஒண்ணான்னு பாத்துருவோம்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். தொண்ணூறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன் அவன். அவனுடைய பயம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே மிச்ச வருடங்களையும் கழித்துவிட அவளால் முடியாது.

பாத்துருவோம் என்று அவள் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆடிக் கடைசிக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. மறுநாளே உச்சி வெயிலில் மாடத்தி கண்மாய்க் கரைக்குப் போனாள். செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் காது அடைத்தது. பதினைந்தில் வயிற்றைப் புரட்டியது. வேப்பமரத்தடியில் போய்ச் சரிந்து உட்கார்ந்து, நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை இருந்தாள். அடுத்த நாள் புருஷனுடைய பழைய பருத்திச் சட்டையைத் தண்ணீரில் முக்கி, சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு நடந்தாள். சட்டை காய்கிறவரை ஒன்றும் ஆகவில்லை. நாற்பது நிமிடம். காய்ந்த உடனே பழையபடி காது அடைத்தது. காற்று இருக்கிற நாளில் ஈரச் சட்டை குளிர்ந்து, உடம்பு சிலிர்த்தது. பாலியஸ்டர் சட்டை போட்டுப் பார்த்தாள், அது ஆகவில்லை. தலைக்கு ஈரத்துண்டு போட்டால் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகத் தாங்கியது. இப்படி ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வேர்வையைத் தோல் தராவிட்டால் வெளியிலிருந்து தான் தந்துகொள்ள வேண்டியதுதான் என்று அவளுக்குப் பிடிபட்டது. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்தவர்கள், வெந்த சூட்டில் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊரில் போய்ச் சொன்னார்கள்.

பதினைந்தாம் நாள் ரோஜா கூட வந்தாள். மாடத்தியோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த பெண், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். விபத்து நடந்த அன்று காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். "எனக்கும் மலைக்குப் போகணும்க்கா. ஒங்க கூடத்தான் வருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆடி வெள்ளியன்று அதிகாலை முதல் பஸ்ஸில் இருவரும் அடிவாரத்தில் போய் இறங்கினார்கள். நன்றாக விடிந்திருந்தது. மாரிக்கண்ணனின் வேன் ஏற்கெனவே அங்கே நின்றது. மொக்கைச்சாமி கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டிருந்தது. மாரிக்கண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பின் சீட்டிலிருந்து இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து ரோஜாவின் பையில் வைத்தான்.

"நான் வந்தா ஒன்னைய நிப்பாட்டிருவேன்" என்றான். "அதனால நான் வரல. நாலு மணிக்குள்ள இங்கன நீ நிக்கணும்."

"நிப்பேன்."

முதல் ஒரு மணி நேரம் ஓடையை ஒட்டித்தான் பாதை. நிழலும் தண்ணீரும் இருந்தன. கால் மணிக்கு ஒருமுறை மாடத்தி ஓடையில் இறங்கிச் சட்டையோடு நனைந்துகொண்டு ஏறினாள். ஆனால் முகத்தைச் சுற்றி இடது கன்னம் தெரியாதபடி ஒரு துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்மாய்க் கரையில் அவள் அதைக் கட்டியதில்லை. இங்கே நூற்றுக்கணக்கான பேர் முன்னும் பின்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள், கை தன்னாலேயே கட்டிவிட்டது.

வழுக்குப்பாறையில் அந்தத் துப்பட்டாவே அவளைக் கவிழ்க்கப் பார்த்தது. செங்குத்தான மொட்டைப் பாறை. நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். கீழ்வானத்து வெயில் நேராகப் பாறையில் விழுந்து தெறித்தது. முன்னால் ஆட்கள் நகரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நடுப்பாறையில் நிற்க வேண்டியதாயிற்று. துப்பட்டாவுக்குள் மூச்சு அனலாக அடித்தது. காதுக்குள் வண்டு இரைந்தது. பிடித்திருந்த கம்பி கைக்குள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"அக்கா! அக்கா, இங்க பாருங்க!" ரோஜா கீழேயிருந்து அவள் முதுகில் கையை ஊன்றித் தாங்கினாள்.

மாடத்தி ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்து, துப்பட்டாவை உருவி எறிந்தாள். அது பாறையில் வழுக்கிக்கொண்டே போய்ப் புதரில் சிக்கியது. முகத்தில் காற்றுப் பட்டது. ரோஜா பாட்டிலைத் திறந்து அவள் உச்சந்தலையில் கவிழ்த்தாள். தண்ணீர் கழுத்து வழியே முதுகுக்கு இறங்க இறங்க வண்டுச் சத்தம் குறைந்தது. மேலே கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ சாமி" என்றாள்.

"என்ன சாமி?" என்றாள் மாடத்தி. "பாத்தாச்சுல்ல? ஏறுங்க. பின்னால ஆளு நிக்குது."

அந்தப் பெண் விறுவிறு என்று ஏறினாள்.

பாறைக்கு மேலே காடு. அதைத் தாண்டினால் ஊற்று. அதுதான் கடைசித் தண்ணீர். அங்கே மொக்கைச்சாமி கூட்டம் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களை எட்டிப் பிடித்துவிட்டோம் என்பதே மாடத்திக்கு உள்ளுக்குள் துள்ளலாக இருந்தது. மொக்கைச்சாமி எழுந்து வந்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்ததே பெரிசு தாயி. கருப்பன் ஏத்துக்கிட்டான். இங்கனயே ஒரு சூடத்தப் பொருத்திக் கும்பிட்டுட்டு எறங்கு. இதுக்கு மேல ஒண்ணரை மணி நேரம் ஒரு பொட்டு நெழல் கெடையாது, தண்ணி கெடையாது. முதுகு ஏறணும். ஒனக்குத் தெரியாததா?"

அவர் முதுகு என்று சொன்னது மலையின் முதுகை. ஊற்றிலிருந்து உச்சிவரை குறுகலாக, செங்குத்தாக ஏறுகிற மேடு. இரண்டு பக்கமும் பள்ளம், எங்கும் புல், மரமே கிடையாது.

"தெரியும் மாமா. ஆறு தடவை ஏறியிருக்கேன்."

"அப்ப நீ வேற ஆளு."

"அப்பவும் மாடத்திதான். இப்பவும் மாடத்திதான்." அவள் குரல் உயர்ந்தது. சோறு சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "வெந்தது நானு. மூணு மாசம் கெடந்தது நானு. என்னால முடியுமா முடியாதான்னு நீங்க ஏன் சொல்லிக்கிட்டே இருக்கீக? நான் விளுந்தா நான் விளுந்துட்டுப் போறேன். ஏறுறதுக்கு முன்னாலயே என்னைய விளுந்தவளாக்காதீக."

மாடத்தி பையிலிருந்து ஒரு பழைய நூல் வேட்டியை எடுத்து, நான்காக மடித்து, ஊற்றுத் தண்ணீரில் முக்கினாள். பிழியாமல் அப்படியே தோளிலும் தலையிலுமாகப் போர்த்திக்கொண்டாள். இரண்டு படி தண்ணீர் கனம் இருக்கும். பாட்டில்களை ரோஜா நிரப்பினாள்.

முதுகு ஏறத் தொடங்கியபோது மணி பத்தரை. பாதை கிழக்குப் பக்கச் சரிவில் போகிறது. ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கிறதால் ஆட்களைத் தள்ளிவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ காற்றுக்கு மறைவாகப் போட்ட பாதை. மற்றவர்களுக்கு அது நல்லது. மாடத்திக்கு அதுதான் எமன். காற்று இல்லை, வெயில் மட்டும் இருந்தது. அரை மணி நேரத்தில் வேட்டி சூடேறி, ஓரங்கள் காயத் தொடங்கின. ஒரு பாட்டில் தீர்ந்தது. முக்கால் மணியில் அடுத்ததும் பாதியானது. கால்கள் தம் இஷ்டத்துக்குப் போயின. குளிர்கிற மாதிரி இருந்தது. வெயிலில் குளிர்வது கெட்ட அறிகுறி என்று கண்மாய்க் கரையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"எறங்கிருவோம்க்கா" என்றாள் ரோஜா. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "என் கையால ஒங்களை அனுப்பி வைக்க என்னால முடியாது. அன்னைக்கு நான் இல்ல. இன்னைக்கு இருந்துட்டும் இப்படி..."

மாடத்தி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மிச்சத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெற்றியில் விட்டுக்கொண்டு யோசித்தாள். யோசிக்க முடிகிறவரைக்கும் பயமில்லை. மேலே பார்த்தாள். முதுகின் விளிம்புக்கு மேலே வெள்ளையாகப் புகை மாதிரி எதுவோ சிதறிச் சிதறிக் காணாமல் போனது.

புகை இல்லை. சாரல். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து மேகம் வந்து முட்டிக்கொண்டிருந்தது. விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. முன்னே ஒரு வருடம் ஒதுங்குவதற்காக விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியபோது சேலை முழங்கால்வரை நனைந்துபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. கிழக்கே புல் பழுப்பாகக் கிடக்கும்போது மேற்கே பச்சையாக, சொட்டச் சொட்ட நின்றது.

"ரோஜா, அந்தப் பக்கமாப் போவோம்."

"அங்கன பாதையே கெடையாதுக்கா! காத்து தூக்கிட்டுப் போயிரும்!"

"காத்து மேக்க இருந்து வருது. நம்மளைப் பள்ளத்துல தள்ளாது, மலையோட சேத்துத்தான் அமுக்கும். நீ பாதையில வா. நான் அங்கிட்டு வாரேன். கூப்பிட்டா கேக்குற தூரந்தான்."

கீழே பின்னால் வந்துகொண்டிருந்த மொக்கைச்சாமி, அவள் விளிம்பில் தவழ்ந்து ஏறுவதைப் பார்த்துவிட்டு, "ஏ மாடத்தி! அங்க போகாத! ஏலே, யாராச்சும் அவளைப் பிடிங்கடா!" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் மறைந்தாள்.

விளிம்பைத் தாண்டியதும் காற்று அறைந்தது. அவள் புல்லில் குப்புற விழுந்தாள். இடுப்பளவுப் புல், ஒவ்வொரு தாளிலும் தண்ணீர். முகம், கழுத்து, கைகள் எல்லாவற்றையும் அதில் புரட்டினாள். வேட்டியை இழுத்துப் புல்லின் மேல் போட்டு வாரி எடுத்தாள், அது கனத்துப் போயிற்று. அந்தக் காற்றில் அந்த ஈரம் பட்டதும் ஒட்டிய தோலுக்குக் கீழே அடைபட்டுக் கிடந்த சூடு கழன்று போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியே ஐந்து நிமிடம் கிடந்தாள். காது தெளிந்தது. ரோஜா கூப்பிடுவது கேட்டது.

"இருக்கேன்!" என்று கத்தினாள். "ஏறு!"

அதற்குப் பிறகு நடக்கவில்லை, தவழ்ந்தாள். புல்லைக் கொத்தாகப் பிடித்து, முழங்காலை ஊன்றி, ஒரு முழம் ஒரு முழமாக. விரல்கள் முழுதாக மடங்காது. தோல் சுருங்கிப் பிடித்திருந்ததால் பாதிதான் மடங்கும். புல் நழுவும்போதெல்லாம் மணிக்கட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டாள். கீழே பார்த்தால் மேகம், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான். இரண்டு இடத்தில் கால் வழுக்கி, வயிற்றால் சறுக்கினாள். இரண்டு முறையும் காற்றே மலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினாள். கம்பெனிக்காரனை, நாத்தனாரை, பக்கத்து ரூமில் செத்துப்போன மூன்று பேரையும்கூடத் திட்டினாள், விட்டுவிட்டுப் போனதற்காக. மேகத்துக்குள் யாருக்கும் கேட்கப்போவதில்லை. சத்தம் போட்டுத் திட்டத் திட்டக் கைக்கு வலு வந்தது.

பன்னிரண்டே காலுக்கு அவள் தலை உச்சியில் எட்டிப் பார்த்தது. கருப்பசாமியின் வேல்கள் நட்டிருந்த திட்டுக்குப் பின்பக்கமாக, யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து, சேறும் புல்லுமாக, ஈர வேட்டி போர்த்திய உருவம் ஏறி வந்ததைப் பார்த்துப் பூசாரி சூடத்தட்டோடு இரண்டு அடி பின்னால் போனார். ரோஜா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

கால் மணி கழித்து மொக்கைச்சாமி கூட்டம் வந்து சேர்ந்தது. அவர் இரைத்துக்கொண்டே மாடத்தியை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அங்கிட்டுப் பாதை இல்லையே தாயி" என்றார்.

"இல்ல மாமா. ஆனா வந்துட்டேன்."

வழக்கம்போல வேல்களுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். செல்போன் வைத்திருந்தவன், "அக்கா கொஞ்சம் ஓரமா, பின்னால நில்லுங்க" என்றான். மாடத்தி முன் வரிசைக்கு வந்து, நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப எடு" என்றாள். அவன் மொக்கைச்சாமியைப் பார்த்தான். "எடுலே" என்றார் அவர்.

இறக்கத்தில் மேகம் வெயிலை மறைத்து, பாதையில் நிழல் விழுந்திருந்தது. ஊற்றிலும் ஓடையிலும் ஆசை தீர நனைந்தாள். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அடிவாரத்தில் கால் வைத்தாள். மாரிக்கண்ணன் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றான். அவள் பக்கத்தில் வந்ததும், நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. அவன் உதடு கோணியது. மூக்கைச் சிந்தினான்.

"அழுறதெல்லாம் அப்புறம்" என்றாள் மாடத்தி. "நீங்க சாப்பிட்டீகளா?"

"இல்ல."

"எனக்குக் கண்ணு இருட்டுது பசியில. வாங்க."

அன்னதானப் பந்தலில் கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரிய வீட்டு அம்மா அவள் கையையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு, இலையை மெதுவாக நகர்த்தி, எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார். மாரிக்கண்ணனின் முகம் சிவந்தது. எழப் போனவனின் சட்டையை மாடத்தி பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏ ரோஜா!" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "அங்கன என்ன நிக்க? இங்கன எடம் இருக்கு, வா!"

பிறகு சாதம் வைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "அண்ணாச்சி, நல்லாப் போடுங்க" என்றாள். "நான் மலை ஏறிட்டு வாரேன்."